பத்திரிகையில் போட்ட பி.ஈ.

“பன்னெண்டு வருசம் படிக்க வச்சது இரும்பு ராவுறதுக்காடி?”

“அரத்தால ராவுறது மொத மூணு மாசந்தாம்மா. அப்புறம் மெசினு.”

“மெசினு! உங்கப்பன் முதுகு ஒடிஞ்சு பெட்டி ஏத்துறது பத்தலையா இந்த வூட்டுக்கு? நீ வேற போயி ஏத்தணுமா?”

“ஏத்துறது இல்லம்மா. செய்யறது.”

“வாயி! வாயி மட்டும் அத்திப்பள்ளி வரைக்கும் போவுது!”

இந்த இடத்தில் நான் அடுப்பை அணைத்தேன். குக்கர் விசில் விட்டால் இரண்டு மூன்று வாக்கியங்கள் விட்டுப்போகும். பருப்பு எங்கேயும் ஓடிவிடாது.

ஓசூர் எல்லையில் இருக்கும் ஜூஜுவாடியில் ஹைவேக்குப் பின்னால் மூன்றாவது தெரு எங்களுடையது. துணி காயப்போட மொட்டை மாடிக்கு ஏறினால் கர்நாடகாவுக்கு வரவேற்கிறோம் என்று போனில் செய்தி வரும். கீழே இறங்கினால் மறுபடியும் தமிழ்நாடு. எங்கள் சமையலறை ஜன்னலுக்கும் எதிர்வீட்டு சிவராஜின் சமையலறை ஜன்னலுக்கும் நடுவில் ஒரு ஸ்கூட்டர் போகும் அளவுக்கு இடம். நான் ஒட்டுக்கேட்கிற ஆள் இல்லை. அவர்கள் சத்தமாகப் பேசுகிற ஆட்கள்.

சிவராஜ் சிப்காட் தொழிற்பேட்டையில் லோடிங் கான்ட்ராக்டரிடம் பதினோரு வருடமாக இருக்கிறார். எந்தக் கம்பெனிக்கு அனுப்பினாலும் பின்கேட் வழியாகப் போய், லாரியில் பெட்டி ஏற்றிவிட்டு, பின்கேட் வழியாகவே வருவார். மஞ்சள் சட்டை. அவர் மனைவி செல்வம்மாள் ரோஜாத் தோட்டத்தில் பூ தரம் பிரிப்பவள். மகன் ஹரீஷ்குமார் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்து, இரண்டு வருடமாக பெங்களூருக்கு இன்டர்வியூ போய்க்கொண்டிருந்தான். போகிறான், வருகிறான் என்பதை நான் பார்த்திருக்கிறேன். நடுவில் என்ன நடந்தது என்று யாரும் சொன்னதில்லை. மகள் ஜெயப்ரியா அப்போதுதான் பிளஸ் டூ முடித்திருந்தாள்.

அன்றைய சண்டைக்கு நான்தான் காரணம் என்று செல்வம்மாள் இன்றைக்கும் சொல்கிறாள். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் டைப்ரைட்டிங் கிளாசுக்குப் போவதாகச் சொல்லி ஜெயப்ரியா ஒரு வாரமாகக் காலையில் கிளம்பிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வரும்போது துப்பட்டா நுனியில் கறுப்பாக எண்ணெய்க் கறை. “ஏன் செல்வம்மா, இப்பல்லாம் டைப்ரைட்டிங் மெசினுக்கு இவ்ளோ எண்ணெய் ஊத்துறாங்களா?” என்று கேட்டேன். பொது அறிவுக்காகக் கேட்டது.

விசாரணையில் எல்லாம் வெளியே வந்தது. ஐ.டி.ஐ.யில் நடந்த அப்ரண்டிஸ் மேளாவுக்குப் பெண் தானாகவே போயிருக்கிறாள். பரீட்சை எழுதி, நேர்முகத்தில் தேறி, லாரி பிரேக் சாமான்கள் செய்யும் ஒரு கம்பெனியில் இடமும் வாங்கிவிட்டாள். மூன்று வருடம். வாரத்தில் நாலு நாள் மெஷினில் வேலை பழக வேண்டும், இரண்டு நாள் வகுப்பு. மாதாமாதம் உதவித்தொகை உண்டு. சேருவதற்கு முன்னால் ஒரு வாரம் எதையும் தொடாமல் சுற்றிப் பார்க்கலாம். அதைத்தான் பார்த்து முடித்திருந்தாள். துப்பட்டா மட்டும் தொட்டிருக்கிறது.

பாக்கி இருந்தது ஒரு கையெழுத்து. அவளுக்குப் பதினெட்டு முடிய இன்னும் நாலு மாதம். அதனால் ஒப்பந்தத்தில் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமை காலைக்குள் வராவிட்டால் அந்த இடம் அடுத்த பெயருக்குப் போய்விடும்.

“சரசக்கா! நீங்களே சொல்லுங்க!” என்று செல்வம்மாள் ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள். நான் அங்கே இருக்கிறேனா என்று அவள் பார்க்கவேயில்லை.

“என்ன செல்வம்மா, எதுனா விசேசமா?” என்றேன், அப்போதுதான் வந்தவளைப் போல.

“இவ காலேஜுக்குப் போவ மாட்டாளாம். கிருஷ்ணகிரி ரோட்டுல அவ்ளோ பெரிய காலேஜு, வாசல்ல பஸ்ஸு, சீட்டுக்குச் சொல்லி வச்சாச்சு. இவ கம்பெனிக்குப் போவாளாம்.”

“காலேஜுல நாலாவது வருசந்தான் மெசினக் கண்ணால காட்டுவாங்க பெரிம்மா,” என்றாள் ஜெயப்ரியா. “இங்க மொத நாளே காட்டிட்டாங்க. அண்ணன் மெக்கானிக்கலு. எங்க மிக்ஸி நின்னு ஆறு மாசமாவுது.”

“அது எலக்ட்ரிக்கல்,” என்று உள்ளேயிருந்து ஹரீஷ்குமாரின் குரல் வந்தது.

சிவராஜ் அதுவரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டிலேயே கை கழுவிவிட்டு ஒரே வாக்கியம் சொன்னார்: “பத்திரிக அடிச்சாச்சு.”

அத்தோடு சண்டை நின்றுவிட்டது. அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது?

இந்தக் கிரகப்பிரவேசப் பத்திரிகையைப் பற்றி நான் சொன்னால்தான் உண்டு. என் வீட்டுக்காரர் ராஜசேகர் பஸ் ஸ்டாண்டு பின்னால் சரஸ்வதி ஆப்செட் நடத்துகிறார். என் பெயரை வைத்திருக்கிறார் என்று பல வருடம் நினைத்திருந்தேன். சாமி பெயர் என்கிறார். கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் எதுவானாலும் கார்டை மடித்து உறையில் போடுவது என் வேலை. எனவே இந்த வட்டாரத்தில் யார் என்ன படித்திருக்கிறார்கள் என்பது எனக்கு இரண்டு விதமாகத் தெரியும்: கார்டில் ஒன்று, நிஜத்தில் ஒன்று. எங்கள் தொழிலில் அதற்கு முறை உண்டு. படித்து முடித்தவர்களுக்குப் பெயருக்குப் பின்னால் பட்டம். அரியர் வைத்திருப்பவர்களுக்கு அதே பட்டம் அடைப்புக்குறிக்குள். எதுவுமே இல்லாதவர்களுக்குத் தொழிலதிபர்.

சிவராஜ் அந்த வருடம்தான் ஷீட்டு வீட்டை இடித்துவிட்டு, கீழே இரண்டு அறையும் மாடியில் ஒரு அறையுமாகத் தளம் போட்டுக் கட்டியிருந்தார். வேறு இடம் இல்லாததால் பால் காய்ச்சுவதற்கு முன்பே அதில் குடியிருந்தார்கள். வைகாசி கடைசி முகூர்த்தத்தில் கிரகப்பிரவேசம். கார்டு அடிக்க வந்தபோது ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்பதற்குக் கீழே இரண்டு பெயர் எழுதிக் கொடுத்தார். சி. ஹரீஷ்குமார், பி.ஈ., அதற்குக் கீழே சி. ஜெயப்ரியா, பி.ஈ.

“பாப்பா இன்னும் சேரவே இல்லையே சிவராஜு?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார். “அடைப்புக்குறியாவது போட்டுக்கலாமா?”

“அடைப்புக்குறி வேணாண்ணா, அப்படியே போடுங்க. எப்படியும் முடிச்சிருவா. நாலு வருசம் கழிச்சு இன்னொரு வூடா கட்டப்போறன்?”

அதில் நியாயம் இருந்தது. நானும் தடுக்கவில்லை. மேலே ஒரு பெயர் பட்டத்தோடு நீண்டும், கீழே ஒரு பெயர் குட்டையாகவும் நின்றால் கார்டு பல் விழுந்த மாதிரி இருக்கும். மாதிரிப் பிரதியில் ‘பார்த்தேன், சரி’ என்று எழுதி சிவராஜ் கையெழுத்துப் போட்டார். எங்கள் கடையில் கையெழுத்து இல்லாமல் எதுவும் மெஷினில் ஏறாது. நானூறு கார்டு. சண்டை நடந்த செவ்வாய்க்கிழமைக்குள் முக்கால்வாசி ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

கம்பெனியிலிருந்து போன் வந்தது புதன்கிழமை. பிள்ளைகளைச் சேர்ப்பதற்கு முன்னால் பெற்றவர்கள் வந்து இடத்தைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்பது அங்கே வழக்கமாம். செல்வம்மாள் தனியாகப் போகப் பயம் என்று என்னைக் கூப்பிட்டாள். புருஷனும் மகளும் கூட வரும்போது என்ன தனியாக என்று நான் கேட்கவில்லை. வியாழக்கிழமை நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

சிவராஜ் பழக்கதோஷத்தில் எங்களைப் பின்கேட்டுக்கு நடத்திக்கொண்டு போய்விட்டார். அங்கிருந்த செக்யூரிட்டி, “என்னா மஞ்சச் சட்ட, இன்னிக்கி உனக்கு லோடு இல்லையே. குடும்பத்தோட ஏத்தப் போறியா?” என்றான். சுற்றிக்கொண்டு முன்கேட்டுக்கு வந்தோம். பின்கேட்டில் தலையை எண்ணி உள்ளே விடுவார்கள், முன்கேட்டில் நோட்டு. பெயர், ஊர், யாரைப் பார்க்க, என்ன காரியம். என்ன காரியம் என்ற கட்டத்தில் சிவராஜ் வெகுநேரம் பேனாவை வைத்திருந்தார். கடைசியில் ‘மகள்’ என்று எழுதினார். கழுத்தில் மாட்டிக்கொள்ள ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். மெஷின் கூடத்து வாசலில் செல்வம்மாள் கோயில் மாதிரி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். அதைப் போட்டுக்கொள்ளச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக இரும்பு மூக்கு வைத்த பூட்சைக் கொடுத்தார்கள். புடவைக்குக் கீழே அதைப் போட்டுக்கொண்டு நாங்கள் இருவரும் நடந்ததைப் பற்றி மேற்கொண்டு எழுத விரும்பவில்லை.

பயிற்சிப் பிரிவைப் பார்த்துக்கொள்பவர் கிருஷ்ணப்பன். ஓசூர்க்காரர். “ரண்டி, ரண்டி, கூர்ச்சோண்டி,” என்று தெலுங்கில் உட்காரச் சொல்லிவிட்டுத் தமிழில் ஆரம்பித்தார். எங்களைத் தவிர இன்னும் ஏழெட்டுக் குடும்பங்கள். மூன்று வருடத்தில் என்னென்ன பழக்குவார்கள், முடித்த பிறகு இங்கேயே வேலை கிடைக்க என்ன வாய்ப்பு, கிடைக்காவிட்டால் வேறு எங்கே போகலாம், மேலே படிக்க ஆசைப்பட்டால் சாயங்காலக் காலேஜ் உண்டா என்று சொல்லிக்கொண்டே போனார். எல்லாருக்கும் வேலை உறுதி என்று அவர் சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன். சீட்டுக்கு ஆள் பிடிக்க எங்கள் தெருவுக்கு வந்த காலேஜ்காரர் எல்லாருக்கும் உறுதி என்று சொல்லியிருந்தார். ஹரீஷ்குமாரிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

“கையில காயம் படுமா சார்?” என்று செல்வம்மாள் கேட்டாள்.

“படும்மா. சின்னச் சின்னதா. மொத மாசம் ஜாஸ்தி.”

இவர் வியாபாரம் தெரியாதவர் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் சிவராஜ் எழுந்தார். அவருக்கு இருந்தது ஒரே கேள்வி. “இத முடிச்சா பேருக்குப் பின்னால என்னா போடுவாங்க சார்?”

யாரும் சிரிக்கவில்லை. மற்ற அப்பாக்களும் அதைத்தான் கேட்க நினைத்திருந்தார்கள் என்பது அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்ததில் தெரிந்தது.

கிருஷ்ணப்பன் யோசித்தார். “சர்க்கார் சர்ட்டிபிகேட் ஒண்ணு வருங்க. என்.ஏ.சி.ன்னு சொல்லுவோம். ஆனா பத்திரிகையில யாரும் போட்டு நான் பாக்கல.”

சிவராஜ் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு கூடத்தைச் சுற்றிக் காட்டினார்கள். ஓரிடத்தில் நீல உடுப்புப் போட்ட ஒரு பெண், ஜெயப்ரியாவை விட இரண்டு வயது கூட இருக்கலாம், பாக்கெட்டுக்கு மேல் முனிலட்சுமி என்று பெயர் தைத்திருந்தது, கை அகல இரும்புச் சாமான் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு துளை. அவள் கையில் இரண்டு முனையும் உருண்டையான ஒரு கம்பி. ஒரு முனையைத் துளைக்குள் விட்டாள், போயிற்று. மறுமுனையை விட்டாள், அதுவும் போயிற்று. பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் நின்ற இன்ஜினியரிடம், “சார், ரிஜெக்ட்,” என்றாள். அவன் அதை வாங்கிப் பேசாமல் சிவப்புப் பெட்டியில் போட்டுவிட்டு நகர்ந்தான்.

“ரெண்டு பக்கமும் போச்சே, நல்லதுதானே?” என்றார் சிவராஜ்.

“இல்லப்பா,” என்றாள் ஜெயப்ரியா. “ஒரு முனை போவணும், மயிரிழை தடிச்ச இன்னொண்ணு போவக் கூடாது. ரெண்டும் போச்சுன்னா ஓட்ட பெரிசாயிடுச்சுன்னு அர்த்தம். காத்து கசியும். லாரி பிரேக்குல காத்து போற வால்வுப்பா இது. கசிஞ்சா பிரேக்கு புடிக்காது.”

பாஸ் ஆன சாமான்களைக் கூடத்துக் கோடியில் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பழுப்பு அட்டைப் பெட்டி. மேலே ஒரு கண்ணாடிக் கிண்ணத்தின் படமும் மேல்நோக்கி இரண்டு அம்புக்குறியும். சிவராஜ் அதன் பக்கத்தில் போய் நின்றார். மூடியை லேசாக விரலால் தூக்கினார்.

“இதா உள்ள இருக்குது?” என்றார்.

“ஆமாப்பா.”

“கண்ணாடி படம் போட்டிருந்துச்சா, நான் கிளாஸ் சாமானுன்னு நெனச்சன்.”

பதினோரு வருடம் தூக்கிய பெட்டி. யாரும் அவருக்குச் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. அப்போது வெளியே பின்பக்கத்து மேடையில் அவருடைய ஆட்கள் நாலு பேர் மஞ்சள் சட்டையில் நின்று, கண்ணாடி வழியாக இவரைப் பார்த்தார்கள். கழுத்தில் அட்டையோடு இவர் கையை உயர்த்தலாமா வேண்டாமா என்று யோசித்து, பாதி உயர்த்திவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் செல்வம்மாள் என் காதருகே சாய்ந்தாள். “என்னமோ என்.ஏ.சி.ன்னாரே அக்கா, மூணு எழுத்து இருக்குதில்ல?”

“இருக்குது.”

“பி.ஈ. ரெண்டுதானே?”

“ரெண்டுதான்.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அவளைப் பொறுத்தவரை விஷயம் அங்கேயே பாதி முடிந்துவிட்டது.

சிவராஜைப் பொறுத்தவரை முடியவில்லை. வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட வேண்டிய அந்த ஒப்பந்தக் காகிதம் புது வீட்டு அலமாரி மேல் இருந்தது. சனிக்கிழமையும் இருந்தது. அதன் மேல் ஒரு மஞ்சள் கிழங்கை வைத்திருந்தார்கள், பறக்காமல் இருக்க. சனிக்கிழமை மத்தியானம் வாசலில் பந்தல் கட்டிக்கொண்டிருக்கும்போது அப்பாவும் மகளும் சமையலறையில் பேசியது எனக்குக் கேட்டது; நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன், அவர்கள் விசேஷத்துக்குத்தான்.

“ஒரு கார்டுக்காகவாப்பா நான் நாலு வருசம் போவணும்?”

“கார்டுக்காக இல்ல. கார்டு வாங்குன மனுசங்களுக்காக.”

“அவங்களா படிக்கப் போறாங்க?”

“கம்பெனிக்குள்ள நம்பள எப்படிக் கூப்புடுவாங்கன்னு உனக்குத் தெரியாது பாப்பா. ஏய் மஞ்சச் சட்டன்னுவாங்க. பதினோரு வருசத்துல எம்பேரு அங்க ஒருத்தனுக்குத் தெரியாது. வூட்டுல ரெண்டு பேருக்காவது பேருக்குப் பின்னால ஒண்ணு இருக்கட்டுமேன்னுதான் அடிச்சன்.”

நான் துருவுவதை நிறுத்திவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பசுமாடு புது வீட்டுக்குள் வந்து போனது. பால் பொங்கியது. எட்டு மணிக்குள் சொந்தக்காரர்கள் நிறைந்துவிட்டார்கள். கல்லாவியிலிருந்து சிவராஜின் அக்கா வெங்கடம்மாவும் அவள் புருஷன் தீர்த்தகிரியும் வந்தார்கள். தீர்த்தகிரிக்கு நிலக்கடலைக் காடும் நாலு மாடும் உண்டு. அவர் மகன் அன்புமணி கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். இந்த மூன்றையும் அவர் சொல்லித்தான் நமக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை, ஆனாலும் சொல்வார்.

பந்தியில் பாயசம் வரும் நேரம். தீர்த்தகிரி சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நாலு இலைக்குக் கேட்கும்படி வாசித்தார்.

“ஏன் மாப்ள, ஜெயப்ரியா பி.ஈ.ன்னு போட்டிருக்குது. போன மாசந்தானே புள்ளக்கிப் பன்னெண்டாவது ரிசல்ட்டு வந்துச்சு? ஒரே மாசத்துல பி.ஈ. தர்ற காலேஜு எங்க இருக்குது? எங்க அன்புமணி ரெண்டு வருசமா மாஞ்சிக்கினு கெடக்கறான். அவனையும் அங்கயே மாத்திரலாமே!”

பந்தியே சிரித்தது. எனக்குத் தெரிந்து அந்தக் கார்டை முழுதாக வாசித்த ஒரே ஆள் அவர்தான். மற்றவர்கள் முகூர்த்த நேரத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் பார்ப்பதோடு சரி.

சிவராஜ் கையில் சாம்பார் வாளியோடு நின்றார். “அது பிரஸ்காரங்க தப்பு மாமா,” என்றார்.

என் வீட்டுக்காரர் மூன்றாவது இலையில் உட்கார்ந்திருந்தார். சாதுவான மனிதர். நான் எவ்வளவு சொன்னாலும் பதில் பேசமாட்டார். ஆனால் கடையைப் பற்றிப் பேசிவிட்டால் பொறுக்கமாட்டார். இடது கையால் போனை எடுத்துத் தேய்த்தார். எங்கள் கடையில் எல்லா மாதிரிப் பிரதியையும் படம் பிடித்து வைப்பது வழக்கம், பிறகு சண்டை வரும் என்பதால்.

“சிவராஜு, தப்பா எடுத்துக்காத,” என்று போனை நீட்டினார். “தொழிலு.”

அதில் ‘பார்த்தேன், சரி’ என்று இருந்தது. கீழே சிவராஜின் கையெழுத்து, தேதியோடு. போன் தீர்த்தகிரியிடம் போயிற்று, வெங்கடம்மாவிடம் போயிற்று, அடுத்த பந்திக்குக் காத்திருந்தவர்களிடமும் போயிற்று. என் வீட்டுக்காரரைப் பார்வையாலேயே எரித்தேன். அவர் அப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப நெசமா புள்ள எங்கதான் சேருது?” என்றார் தீர்த்தகிரி.

செல்வம்மாள் வாயைத் திறப்பதற்குள், தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்த ஜெயப்ரியா நின்றாள். “காலேஜு இல்ல மாமா. கம்பெனியில அப்ரண்டிஸா சேரணும்னு இருக்கறன். அப்பா கையெழுத்துப் போட்டா.”

“கம்பெனியா?” தீர்த்தகிரி சிவராஜைப் பார்த்தார். “ஏன் மாப்ள, நீ ஒருத்தன் தூக்குனது போதாதா? பொட்டப் புள்ளயும் மூட்ட தூக்கணுமா?”

இதையேதான் செவ்வாய்க்கிழமை செல்வம்மாளும் சொன்னாள். ஆனால் வேறொருவர் வாயிலிருந்து, அதுவும் பாயசத்துக்கு முன்னால் வந்தபோது அது வேறு மாதிரி இருந்தது. சிவராஜ் சாம்பார் வாளியைக் கீழே வைத்தார்.

“மூட்ட இல்ல மாமா. வால்வு,” என்றார்.

“என்னாது?”

“நீங்க இன்னிக்கி வந்தீங்களே பஸ்ஸுல, அது பிரேக்கு போட்டு நின்னுச்சா? அதுக்குள்ள காத்து போவும். அந்தக் காத்து போற வால்வு. அது என்னான்னு தெரியுமா உங்களுக்கு?”

தீர்த்தகிரிக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்து அந்தப் பந்தியில் யாருக்கும் தெரியாது. சிவராஜ் ஒரு செம்பை எடுத்து இலைக்கு முன்னால் வைத்தார். சின்ன டம்ளரை அதற்குள் விட்டார், போயிற்று. பெரிய டம்ளரை விட்டார்; வாயில் நின்றது.

“இது போவணும். இது போவக் கூடாது. ரெண்டும் போச்சுன்னா ரிஜெக்ட்டு. வெள்ளச் சட்டை இன்ஜினீரே வந்து நின்னாலும் ரிஜெக்ட்டுதான். நான் பாத்தன். ஒரு பொண்ணு, நம்ப பாப்பா வயசு, வேணாம்னு சொல்லுச்சு. அவன் ஒரு வார்த்த பேசல. வாங்கி செவப்புப் பெட்டியில போட்டுட்டுப் போறான். அந்தப் பொண்ணு பேரு முனிலட்சுமி. சட்டையில தைச்சிருக்குது.”

பத்து நிமிஷம் பேசினார். பதினாறு வருடமாக எதிர்வீட்டில் இருக்கிறேன், சிவராஜ் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. தானே அந்த வால்வைக் கண்டுபிடித்தவர் மாதிரி பேசினார். நடுவில் பாயசம் ஆறியது. சர்க்கரை சரியாக இருந்தது, முந்திரி கொஞ்சம் குறைவு. தீர்த்தகிரி இரண்டு முறை “சரி மாப்ள” என்றார், சிவராஜ் விடவில்லை. பெரிய டம்ளரை மறுபடி விட்டுக் காட்டினார்.

“அப்ப காலேஜு?” என்று வெங்கடம்மா மெதுவாகக் கேட்டாள்.

“மேல படிக்கணும்னா சாயங்காலக் காலேஜு இருக்குதுக்கா. கிருஷ்ணப்பன் சார் சொன்னாரு.” அப்புறம் மகளைப் பார்த்தார். “பாப்பா, அந்தக் காகிதத்த எடுத்தா.”

அவள் ஓடவில்லை. நடந்துதான் போனாள். ஆனால் ஜக்கைத் தீர்த்தகிரியின் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

பேனாவுக்குத் தேடவில்லை, என் வீட்டுக்காரர் பையில் எப்போதும் மூன்று இருக்கும். நீட்டினார். மேஜை இல்லை என்பதால் மிச்சமிருந்த கார்டுக் கட்டின் மேல் காகிதத்தை வைத்து சிவராஜ் கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகு ஒருமுறை ஊதினார். அவசரத்தில் ஓரத்தில் பாயசம் பட்டுவிட்டது. திங்கட்கிழமை காலை அதைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது கிருஷ்ணப்பன், “இது என்ன கறை?” என்று கேட்டாராம். “பாயசம் சார்,” என்றிருக்கிறாள். “சரி,” என்று முத்திரை குத்திவிட்டார்.

தீர்த்தகிரி கல்லாவிக்குப் போய் எங்கள் ஜெயப்ரியாவைப் பற்றி யார் கேட்டாலும் பி.ஈ. என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். தன் வீட்டுச் சொந்தத்தில் ஒரு பெண் கம்பெனிக்குப் போகிறாள் என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. எழுத்தில் சாட்சியும் இருந்தது.

இது நடந்து நாலு வருடம் ஆகிறது. முதல் மாதம் ஜெயப்ரியாவின் விரல் எல்லாம் பிளாஸ்திரி. இரண்டாவது மாதம் அழுதாள், ஒருநாள். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்டுப் பார்த்தேன். மிக்ஸி இன்றுவரை ஓடவில்லை. அது எலக்ட்ரிக்கல் என்று இப்போது அவளும் சொல்கிறாள். மூன்று வருடம் முடித்தவர்களில் பாதிப் பேரைத்தான் கம்பெனி வைத்துக்கொண்டது. அந்தப் பாதியில் இவள் இருந்தாள். இல்லாமலும் போயிருக்கலாம். அந்த வாரம் சிவராஜ் சரியாகச் சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும்.

ஹரீஷ்குமார் எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் மருந்துக்கடையில் இருக்கும் காவியா என்ற கன்னடப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே குடிபோய்விட்டான். மாமனாரின் லாரி ஷெட்டைப் பார்த்துக்கொள்கிறான். நடந்தே போய்விடலாம், ஆனாலும் செல்வம்மாள் யாரிடமும் மகன் வெளிமாநிலத்தில் இருக்கிறான் என்றுதான் சொல்வாள். அன்புமணி படிப்பை முடித்து சென்னைக்குப் போனான். என்ன வேலை என்று தீர்த்தகிரி ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்று சொல்கிறார்.

ஜெயப்ரியாவைக் கம்பெனி போன ஆடிக்குப் பிறகு புனேயில் புதுப் பிரிவுக்கு அனுப்பியது. இரண்டு வரன் வந்தது, இரண்டையும் அவளே வேண்டாம் என்றுவிட்டாள். கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறேன் என்று கூடப் போன செல்வம்மாள் தீபாவளிக்கு வருவதாகச் சொன்னாள், பொங்கலுக்கு வருவதாகச் சொன்னாள், இன்னும் வரவில்லை. சிவராஜ் தானே சமைத்துக்கொள்கிறார். புளி அதிகம், எங்கள் ஜன்னலுக்கே தெரிகிறது. மாடி அறையை வாடகைக்கு விட்டிருக்கிறார். இரண்டு பெண்கள், இரண்டு பேரும் ஏதோ கம்பெனி. ஒருத்தி ஊத்தங்கரை பக்கம், வருகிற ஆவணியில் தர்மபுரிப் பையனோடு கல்யாணம், அதற்குப் பிறகு ஜாகை அங்கே. இன்னொருத்தி வாயே திறப்பதில்லை. இப்போதெல்லாம் நான் அடுப்பை அணைப்பதில்லை, குக்கர் தன்பாட்டுக்கு விசில் விடுகிறது.